எலியின் ஈரலும் நோயாளியின் நேரமும்

பரசிற்றமோல் மாத்திரையை மிகையாக ஊட்டப்பட்ட எலிகளின் ஈரலைக் கீழ்காய்நெல்லி போன்ற மூலிகைகளின் சாறு காத்தது என்னும் ஆய்வுச் செய்திகள் பல்லாண்டுகளாக வெளிவந்த வண்ணமுள்ளன. மகிழ்ச்சிக்குரியவைதாம். ஆயினும், அத்தகைய ஆய்வுகள் பலவற்றில் சாறு முதலிலும் மாத்திரை பின்னருமே கொடுக்கப்படுகின்றன. வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுபவரோ மாத்திரைகளை விழுங்கிவிட்டே வருகின்றார்.

ஆய்வுகூட விலங்குகளால் பயனில்லை என்பதல்ல எமது வாதம். பரசிற்றமோலின் ஒரு பகுதி ஈரலில் நஞ்சாக மாறுவதையும், ஈரலிலுள்ள குளுற்றாதயோன் அந்நஞ்சைச் செயலிழக்கச் செய்வதையும், அக்கையிருப்புத் தீர்ந்ததும் ஈரற்கலங்கள் மடிவதையும் 1973 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளிலேயே கண்டறிந்தனர். அக்கையிருப்பை மீள நிரப்பும் அசெற்றைல் சிஸ்ரெயின் என்ற நச்சுமுறி மருந்து, எலிகளோடு நின்றுவிடாமல், 1970களில் எடின்பரோவில் நோயாளிகளுக்கே வழங்கி நிறுவப்பட்டது. எட்டு மணித்தியாலங்களுக்குள் கொடுக்கப்பட்டால் ஈரல் பெரும்பாலும் தப்பிவிடும். மூலிகைச் சாறு எதற்கும் இத்தகைய சான்று கிடையாது.

எமது நாட்டில் பனடோல் இல்லாத வீடு அரிது. அதனை அளவுமீறி உட்கொண்டவருக்கு முதல்நாளில் குமட்டலுக்கு மேல் எதுவும் தோன்றாதிருக்கலாம். "ஒன்றும் செய்யவில்லை" என வீட்டார் ஆறுதலடைந்து, கைமருந்து கொடுத்துக் காத்திருக்கும் அந்த நேரத்திலேதான் நச்சுமுறி மருந்தின் பயன் மணிக்கு மணி குன்றுகின்றது. கண்கள் மஞ்சளிக்கும்போது ஈரல் ஏற்கெனவே பழுதடைந்திருக்கும்.

இச்செய்திகளை ஆர்வத்துடன் பிரசுரிக்கும் பத்திரிகைகள், எம்மையும் சேர்த்தே சொல்கின்றோம், எலிக்குச் சாறு எப்போது கொடுக்கப்பட்டது என்ற ஒரு வரியையும் இனிச் சேர்த்தல் வேண்டும்.