ரயிலில் சைக்கிளுக்கு இடமில்லையாம்!

திருவண்ணாமலைக்கு ரயில் வசதி போதாது என்று இனி யாரும் வாய் திறக்கக் கூடாது என்கிறார்கள். விழுப்புரம் - காட்பாடி மார்க்கத்தில் ஓடிய பழைய மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்துவிட்டது. அதன் பிறகு மின்சாரமும் வந்துவிட்டது. 2024-ம் வருஷம் மே மாதம் 2-ந் தேதி முதல், சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் கண்டோன்மெண்ட் வரை ஓடிக்கொண்டிருந்த மெமு வண்டியைத் திருவண்ணாமலை வரையில் நீட்டிவிட்டும் இருக்கிறார்கள். ஆரம்பித்த போது டிக்கட் 50 ரூபாய். இது ஏழை ஜனங்களுக்குப் பெரிய அனுகூலம் என்பதை நாம் மறுக்கவில்லை. யார் செய்தாலும் நல்ல காரியம் நல்ல காரியந்தான்.

ஆனால் இந்த வண்டியை நீட்டிய போது போட்ட நேரத்தை வாசகர்கள் சற்றுக் கவனிக்க வேண்டுகிறோம். சென்னையில் சாயங்காலம் 6 மணிக்குப் புறப்பட்டுத் திருவண்ணாமலைக்கு நடுராத்திரி 12 மணி சுமாருக்கு வந்து சேருவது. மறுபடியும் விடியற்காலம் 4 மணிக்கு இங்கிருந்து புறப்படுவது. நடுராத்திரியில் ஸ்டேஷனில் இறங்குகிற ஒரு கொத்தனாரோ, துணிக்கடைச் சிப்பந்தியோ, ஐந்து மைல் ஆறு மைலுக்கு அப்பாலுள்ள தன் கிராமத்திற்கு எதில் போய்ச் சேருவது? அந்த நேரத்தில் கிராமத்திற்கு டவுன் பஸ் ஏது? ஆட்டோக்காரர் கேட்கும் கூலி, சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் வந்ததற்குக் கொடுத்த ரயில் கட்டணத்தை விட அதிகமாயிருக்கும். ராத்திரியில் சவாரி ஓட்டுகிறவர் அதைக் கேட்பதில் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. சரி, விடியற்காலம் 4 மணி வண்டியைப் பிடிக்க வேண்டியவன் எதில் வருவது? இருநூறு கிலோமீட்டருக்கு ஐம்பது ரூபாயும் கடைசி ஆறு மைலுக்கு நூறு இருநூறும் என்றால், இந்த மலிவு வண்டி யாருக்கு மலிவு என்று கேட்கிறோம்.

இதற்கு ஏழையின் கையிலேயே ஒரு பரிகாரம் இருக்கிறது. அதுதான் சைக்கிள். இந்த நாட்டில் சைக்கிள் உள்ள குடிசைகள் எத்தனையோ உண்டு. 2001-02-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கென்று சர்க்கார் இனாமாய்ச் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, 2005-06 முதல் சர்க்கார் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளில் பதினோராவது வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் எல்லோருக்குமாக விரித்தார்கள். ஆகவே சர்க்காரே சைக்கிளை வாங்கிக் கையில் கொடுக்கிறது. சர்க்காருடைய ரயிலோ அந்தச் சைக்கிளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக் கொள்ளுகிறது. முன்னது மாகாண சர்க்கார், பின்னது மத்திய சர்க்கார் என்று சமாதானம் சொல்லுவார்கள். மிதிக்கிற கால் ஒன்றுதானே!

ரயில்வே சட்டத்தில் சைக்கிளுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. அதுதான் வேடிக்கை. இரண்டாம் வகுப்புப் பிரயாணி ஒருவன் 35 கிலோ எடையுள்ள மூட்டையைக் கட்டணமின்றித் தன் கூடவே கொண்டு போகலாம். ஆனால் சைக்கிளுக்கு இந்த இலவச எடை செல்லாது என்பது விதி. இருபது கிலோ சுமாருள்ள சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். வண்டி புறப்படுவதற்கு அரைமணிக்கு முன்னதாகவே லக்கேஜ் ஆபீசில் கொண்டு போய் ஒப்புவிக்க வேண்டும். அது கார்டு வண்டியில் ஏறி வந்து, இறங்கின பிறகு ரசீதைக் காட்டி வாங்க வேண்டும். வருஷத்தில் ஒரு தடவை ஊர் மாற்றிக் குடி போகிறவனுக்கு இந்த முறை சரி. தினமும் வேலைக்குப் போய் வருகிறவனுக்கு இது ஆகிற காரியமா? மேலும் இந்த மெமு வண்டிகளில் லக்கேஜ் அறையோடு கூடிய கார்டு வண்டியைப் பழைய மாதிரி தனியாகக் கோர்ப்பதும் கிடையாது. ஆக, சட்டம் ஒரு கதவைக் காட்டுகிறது. வண்டியில் அந்தக் கதவே இல்லை!

"இடம் இல்லை, என்ன செய்வது?" என்பார்கள். ரயிலில் இடம் இல்லை என்கிற பேச்சு நமக்குப் புதிதல்ல. இடம் இல்லாத அதே ரயில்வேயில், ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் "பிராமணாள்" என்று ஒரு அறையும் "இதராள்" என்று வேறொரு அறையும் வெகு காலம் இருந்தன. ஒரே விலை கொடுத்து ஒரே அரிசியைச் சாப்பிட இரண்டு அறைகள்! அதற்குச் சுவர் வைக்க இடம் இருந்தது, பலகை தொங்கவிட இடம் இருந்தது, தனித்தனியாய்ப் பரிமாற ஆளும் இருந்தது. பெரியாரும் இயக்கத் தோழர்களும் விடாமல் கண்டித்துப் போராடின பிறகு, 1941-ல்தான் அந்தப் பேதம் ஒழிந்தது. வீண் காரியத்திற்கு இரண்டு அறை ஒதுக்க முடிந்த இலாகாவுக்கு, உபயோகமான காரியத்திற்கு ஒரு பெட்டியில் கால் பாகம் ஒதுக்க முடியாது என்றால் நம்புகிறவன் எவன்?

இவ்வளவு தூரம் சைக்கிளுக்காக வக்காலத்து வாங்குவானேன், சுயமரியாதைப் பத்திரிகைக்கு இது என்ன வேலை என்று சில தோழர்கள் நினைக்கலாம். அவர்களுக்குச் சொல்லுகிறோம். இந்த நாட்டில் வாகனம் என்பது வெறும் வாகனம் அல்ல. தாழ்த்தப்பட்ட தோழர்கள் மேல்ஜாதித் தெருவில் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது, இறங்கித் தள்ளிக் கொண்டுதான் போக வேண்டும் என்கிற அக்கிரமம் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் நடந்திருக்கிறது. சைக்கிளுக்கு இரண்டு சக்கரந்தான் என்றாலும், அதன் மேல் உட்கார்ந்தவன் தலை, திண்ணையில் உட்கார்ந்தவன் தலைக்கு மேலே போய்விடுகிறதல்லவா? அதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. இதெல்லாம் பழைய கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இந்தத் திருவண்ணாமலை ஜில்லாவிலேயே தென்முடியனூரில் தாழ்த்தப்பட்ட மக்கள் ஊர் மாரியம்மன் கோவிலுக்குள் போலீஸ் பந்தோபஸ்தோடு காலெடுத்து வைத்தது 2023-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதிதான். அந்தக் கோவிலுக்குள் இருப்பது கல் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் போகக் கூடாது என்று தடுப்பவன் கல் அல்லவே.

பெண்கள் விஷயத்திலும் அப்படியே. புதுக்கோட்டை ஜில்லாவில் 1990-களின் ஆரம்பத்தில் அறிவொளி இயக்கம் நடந்த காலத்தில், அங்கே கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக் கொடுக்க ஏற்பாடு செய்தார். கூலி வேலைக்காரப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். பெண் சைக்கிள் ஏறினால் குடும்பம் கெட்டுவிடும் என்றவர்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்துப் பார்த்தார்கள். அப்புறம் அதே பெண்கள் சைக்கிளில் தண்ணீர்க் குடம் கட்டி வந்த போது அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்கள். புருஷனையோ, அண்ணனையோ, பஸ்ஸையோ எதிர்பாராமல் ஒரு பெண் தன் இஷ்டப்படி போய் வர முடிகிறதென்றால், அது எத்தனை மேடைப் பிரசங்கத்திற்குச் சமம்! அந்தச் சைக்கிள் ரயிலடியோடு நின்றுவிட்டால் அவளுடைய சுதந்திரமும் ரயிலடியோடு நின்றுவிடுகிறது.

களம்பூரில் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அதன் பெயர் ஆரணி ரோடு. பெயரில் மட்டும் ஆரணி உண்டு. ஆரணிப் பட்டணம் அங்கிருந்து பல கிலோமீட்டர் தூரம். வெள்ளைக்காரன் காலத்தில் ஊருக்கு வெகு தூரத்தில் ஸ்டேஷனைக் கட்டிவிட்டு, ஊர்ப் பெயரோடு "ரோடு" என்று ஒரு வார்த்தையை ஒட்டி வைத்தார்கள். அதாவது, "இங்கே இறங்கு, மீதி ரோட்டை நீயே பார்த்துக்கொள்" என்று அர்த்தம். ஆரணியில் பட்டு நெய்கிறவர் வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ காரியமாய்ப் போக வேண்டுமானால், இந்தப் பக்கம் ஒரு பஸ், அந்தப் பக்கம் ஒரு பஸ், நடுவில் ரயில். சைக்கிள் கூட வருமானால் இரண்டு பஸ்ஸும் மிச்சம்.

நிற்க, கார்த்திகைத் தீபம் வந்தால் இந்த ஊருக்கு ரயில்வேக்காரர்கள் காட்டும் அக்கறையைப் பார்க்க வேண்டும். பௌர்ணமி தோறும் பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுற்ற வருகிறவர்களுக்கு ஸ்பெஷல் வண்டி; தீபத்திற்கு இன்னும் ஸ்பெஷல். நடக்கிற புண்ணியத்தைத் தேடி வருகிறவர்களைக் கூட நடக்கவிடாமல் ரயில் கொண்டு வந்து இறக்குகிறது! வருகிறவர்களும் ஜனங்கள்தான், டிக்கட் வாங்கித்தான் வருகிறார்கள். அவர்களுக்கு வண்டி விட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சுவாமி ஊர்வலம் போக ஐந்து தேர் நிறுத்த இந்த ஊரில் இடம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ராத்திரிக்கு வேண்டி எவ்வளவோ முன்னேற்பாடு நடக்கிறது. மற்ற இருபத்தொன்பது நாளும் வயிற்றுப் பிழைப்புக்கு ரயிலேறுகிறவனுக்கு வேண்டி யார் யோசித்தார்கள் என்றே கேட்கிறோம்.

ஆபத்து என்கிற ஆட்சேபணை ஒன்று இருக்கிறது. இதை நாம் அலட்சியமாய்த் தள்ளமாட்டோம். வடநாட்டில் பால்காரர்கள் பால் கேன்களையும் சைக்கிள்களையும் ஓடுகிற வண்டியின் ஜன்னல் கம்பியில் வெளியே தொங்கவிட்டுக் கொண்டு போவதை எல்லோரும் அறிவார்கள். ஒரு கொக்கி கழன்றால் பிளாட்பாரத்தில் நிற்பவன் தலை தப்பாது. உள்ளே கொண்டு வந்து வாசற்படியில் சாத்தினாலும், கூட்டம் இறங்கும் போது பெடலில் கால் மாட்டி விழுகிறவன் உண்டு. ஆனால் இந்த ஆபத்தெல்லாம் சைக்கிளுக்கு இடம் கொடுத்ததால் வந்ததா, கொடுக்காததால் வந்ததா? ஒழுங்கான இடம் இருந்தால் எவனாவது ஆசைப்பட்டு ஜன்னலில் கட்டுவானா?

மற்ற தேசங்களில் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்போம். டென்மார்க் தேசத்துக் கோபன்ஹேகன் நகரப் புறநகர் ரயில்களில் 2010 முதல் சைக்கிளுக்குக் கட்டணமே வாங்குவதில்லை. பெட்டியில் ஓரத்து ஆசனங்களை மடக்குகிற மாதிரி வைத்து, கீழே சக்கரம் நிற்கப் பள்ளம் வைத்து, எந்தப் பெட்டியில் சைக்கிள் ஏற்றலாம் என்று வெளியே பெரிதாய்ப் படம் போட்டுவிட்டார்கள். சைக்கிளோடு வருகிறவர்கள் பல மடங்கு பெருகினார்கள். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ பக்கத்து ரயில்களில் சைக்கிள் பெட்டி என்றே தனியாய் உண்டு. அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கொச்சியில், மெட்ரோ ரயிலில் 2020 நவம்பரில் சில ஸ்டேஷன்களில் பரீட்சார்த்தமாய்ச் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போக விட்டார்கள். வானம் இடிந்து விழவில்லை.

எதிரான உதாரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சைக்கிளுக்குப் பேர்போன ஹாலந்து தேசத்தில் காலை, மாலை நெருக்கடி நேரங்களில் சாதாரணச் சைக்கிளை ரயிலில் ஏற்ற விடுவதில்லை. அதற்குப் பதிலாக ஸ்டேஷன் தோறும் நிறுத்துமிடம் கட்டினார்கள். உட்ரெக்ட் ஸ்டேஷனில் மட்டும் 12,500 சைக்கிள்கள் நிற்கலாம். இறங்குகிற ஊரில் வாடகைச் சைக்கிளும் கிடைக்கும். லண்டனில் மின்சாரச் சைக்கிளின் பேட்டரி தீப்பற்றிய சம்பவத்திற்குப் பிறகு, 2025 மார்ச் 31 முதல் மடக்க முடியாத மின்சாரச் சைக்கிள்களை நகர ரயில்களில் தடுத்துவிட்டார்கள். இவை எல்லாம் யோசித்துச் செய்த தடைகள். தடுத்தவர்கள் மாற்று வழியையும் கூடவே வைத்தார்கள். நம்மவர்கள் தடையை மாத்திரம் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். விழுப்புரம், திருவண்ணாமலை, போளூர், வேலூர் மார்க்கத்தில் ஓடும் பாசஞ்சர், மெமு வண்டிகளில் கடைசிப் பெட்டியில் ஒரு பக்கத்து ஆசனங்களை எடுத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள் நிற்கும்படி சட்டமும் வார்ப்பட்டையும் வைக்க வேண்டும். அந்த இடத்தில் ஊனமுற்ற தோழரின் சக்கர நாற்காலி வந்தால் சைக்கிள்காரன் விலகி இடம் விட வேண்டும். வாசற்படியில் எதையும் நிறுத்தக் கூடாது. பேட்டரி வண்டிகள் இப்போதைக்கு வேண்டாம். பௌர்ணமியிலும் தீபத்திலும் கூட்டம் நசுங்குகிற நாட்களில் சைக்கிள் ஏற்றுவதை நிறுத்தி வைத்தாலும் நமக்கு ஆட்சேபணை இல்லை. சென்னைக்குள், தாம்பரம் - கடற்கரை வண்டிகளில் காலை நேரத்தில் மனிதர்களே தொங்கிக்கொண்டு போகையில் சைக்கிளை ஏற்று என்று கேட்பது நியாயமும் ஆகாது. அங்கே ஹாலந்துக்காரர் மாதிரி நிறுத்துமிடந்தான் வேண்டும். புறநகர் வண்டிகளில் வியாபாரிகளுக்கென்று தனிப் பெட்டி ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு நாம் இதற்கு மேல் வழி சொல்லித்தர வேண்டியதில்லை.

மாதச் சீட்டுக்காரனுக்குச் சைக்கிளுக்கும் ஒரு சொற்ப மாதக் கட்டணம் வைத்துவிட்டால், தினமும் ரசீது போடுகிற தொல்லையும் ஒழியும். அம்ருத் பாரத் என்கிற திட்டத்தில் திருவண்ணாமலை, போளூர் ஸ்டேஷன்களைப் புதுப்பிக்க எடுத்துக் கொண்டிருக்கிறார்கள். முகப்புக்குக் கோபுரம் மாதிரி அலங்காரம் வைப்பதில் நமது என்ஜினீயர்களுக்கு எப்போதுமே உற்சாகம் ஜாஸ்தி. அந்தக் காசில் கொஞ்சத்தை எடுத்து, மேம்பாலப் படியோரத்தில் சைக்கிளை உருட்டி ஏற்றுகிற ஒரு தகரச் சாய்வும், பூட்டோடு கூடிய ஒரு கொட்டகையும் வைக்கச் சொல்லுகிறோம்.

இந்த ஸ்டேஷன்கள் தென்னக ரயில்வேயின் திருச்சிக் கோட்டத்தைச் சேர்ந்தவை. சைக்கிள் வைத்திருக்கும் தோழர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஊர் ஸ்டேஷனுக்குப் போய், இந்தப் பாசஞ்சர் வண்டியில் என் சைக்கிளைக் கொண்டு போக முடியுமா, முடியாதென்றால் எந்த விதியின்படி என்று கேட்டு, பதிலை எழுத்து மூலம் வாங்கித் திருச்சிக் கோட்ட மேலாளருக்கு ஒரு மகஜரோடு அனுப்பி வைக்க வேண்டுகிறோம். பெண் தோழர்கள் இதில் முன்னால் நிற்பார்களானால் மிகவும் நல்லது. பதில்களின் நகலை நமக்கும் அனுப்பினால் பெயர் போடாமல் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.