கோப்பை தூக்கியவரும் கோப்பை கழுவுபவரும்

அண்மையில் பாரிஸ் புறநகர் ஒன்றில் எம்மவர் இல்லப் பிறந்தநாள் விழாவொன்றுக்குச் சென்றிருந்தேன். உணவு பரிமாறப்படுவதற்கு முன்னர், வழமைபோல ஆண்கள் ஒருபுறமாகக் கூடி உரையாடத் தொடங்கினர். நாட்டு நடப்பில் தொடங்கிய பேச்சு விரைவிலேயே உதைபந்தாட்டத்திற்குத் தாவியது. பிரான்ஸ் அணி உலகக் கிண்ணத்தை வென்ற இரு இறுதியாட்டங்களுள் எது சிறந்தது என்பதே வழக்கு. 1998 யூலை 12ஆம் நாள் பிரேசிலை 3-0 என்ற கணக்கில் வீழ்த்திய ஆட்டமே என்றனர் தந்தையர். 2018 யூலை 15ஆம் நாள் குரோசியாவை 4-2 என வென்ற ஆட்டமே என்றனர் பிள்ளைகள். குருநகரிலும் நாவாந்துறையிலும் வெறுங்காலுடன் பந்து உதைத்து வளர்ந்த தந்தையரும், இந்நாட்டுப் பள்ளிகளிற் படித்து வளர்ந்த பிள்ளைகளும் ஒரு விடயத்தில் மட்டும் ஒன்றுபட்டனர். இரு தரப்பினரும் "நாங்கள் வென்றோம்" என்றே கூறினர்.

அதுவரை வாய் திறவாது ஒரு மூலையில் அமர்ந்திருந்த ஒருவர் மெல்லச் சிரித்தார். அவருடைய அகதி விண்ணப்பம் இருமுறை நிராகரிக்கப்பட்டது என்பதை அங்கிருந்த பலரும் அறிவர். "அவங்கள் கோப்பை தூக்கினவங்கள், அதால பிரெஞ்சுக்காரர். நாங்கள் கோப்பை கழுவுறனாங்கள். அந்த 'நாங்கள்' எண்டதுக்குள்ள எங்களையும் சேர்க்கிறாங்களோ?" என்று கேட்டார். சபை சிரித்தது, பின்னர் அடங்கியது. அச்சிரிப்போடு விட்டுவிடத்தக்க கேள்வியன்று அது.

முதலில் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1998ஆம் ஆண்டின் இறுதியாட்டம் நடைபெற்ற ஸ்தாத் து பிரான்ஸ் அரங்கு, எம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கு அருகேயுள்ள கார் து நோர் நிலையத்திலிருந்து புறநகர்த் தொடருந்தில் அடுத்த தரிப்பிடமாகும். அன்று சினெடின் சிடான் முதற் பாதியிலேயே இரு கோல்களைப் போட்டார். இரண்டும் மூலை உதைகளிலிருந்து வந்தவை. இரண்டும் தலையால் முட்டப்பட்டவை. தலையால் முட்டுவதற்குப் பெயர்பெற்றவரல்லர் சிடான். எனினும் மூலை உதைகளின்போது பிரேசில் காவலர்கள் எதிரியைக் கவனிப்பதிற் காட்டிய தளர்ச்சி அவருக்கு வழிவிட்டது. 68ஆவது நிமிடத்தில் மார்செல் டெசாயி இரண்டாவது மஞ்சள் அட்டை பெற்று வெளியேற்றப்பட, எஞ்சிய நேரம் முழுவதும் பத்துப் பேருடனேயே பிரான்ஸ் அணி ஆடியது. ஆட்டத்தின் இறுதிக் கணங்களில், செனகலின் தக்கார் நகரிற் பிறந்த பத்ரிக் வியெரா கொடுத்த பந்தை, நோர்மண்டிக் கரையின் தியெப் நகரிற் பிறந்த எம்மானுவேல் பெத்தி வலைக்குட் செலுத்தினார்.

பிரேசிலின் ரொனால்டோ அன்று பிற்பகல் திடீரென நோய்வாய்ப்பட்டதாலேயே பிரான்ஸ் வென்றது என வாதிடுவோர் இன்றும் உளர். அவர் முழு உடல்நலத்துடன் ஆடவில்லை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அத்தொடரின் ஏழு ஆட்டங்களிலும் பிரான்ஸ் அணிக்கு எதிராக விழுந்த கோல்கள் இரண்டே இரண்டு. அவற்றுள் ஒன்று டென்மார்க்குக்குக் கிடைத்த தண்ட உதையால் விழுந்தது. இத்தகைய காவலரணை ஒருவரின் நோய் விளக்கிவிடாது. அரையிறுதியிற் சிவப்பு அட்டை பெற்ற லொரான் பிளாங் இறுதியாட்டத்தில் ஆட இயலாதிருந்தபோதும், அவரிடத்தை நிரப்பிய பிராங் லெபெஃபும் ஏனையோரும் அரண் குலையாது காத்தனர்.

இவ்வெற்றியைப் பற்றி எம்மவர் பேசும்போது சிடானின் பெயரையே முதலும் முடிவுமாகச் சொல்கின்றனர். ஆனால் அவ்விறுதியாட்டத்திற்கு வழி திறந்தவர் எவர்? அரையிறுதியில் குரோசியாவின் சூக்கர் முதற் கோலைப் போட்டதற்கு, பிரான்சின் பின்களத்தில் லிலியான் துராம் முன்னேறாது பின்தங்கி நின்றதே வழிவகுத்தது. அடுத்த நிமிடமே, தாம் செய்த பிழைக்குத் தாமே பரிகாரம் தேடுவார்போல் முன்னேறிச் சென்று கோலைச் சமப்படுத்தினார் துராம். பின்னர் இரண்டாவது கோலையும் அவரே போட்டு அணியை இறுதியாட்டத்திற்கு இட்டுச்சென்றார். பிரான்சுக்காக 142 ஆட்டங்கள் ஆடிய அவர், தம் வாழ்நாளில் அந்நாட்டிற்காகப் போட்ட கோல்கள் அன்றைய அவ்விரண்டு மட்டுமே. ஏனைய 141 ஆட்டங்களிலும் அவர் செய்த பணி, பந்தை மீட்டுப் பிறரிடம் கொடுத்ததேயாகும்.

இன்னும் ஒரு வியப்பு உண்டு. 1998இல் அணியின் முன்கள வீரராக நின்ற ஸ்தெபான் கிவார்ஷ் அத்தொடர் முழுவதிலும் ஒரு கோலேனும் போடவில்லை. 2018இல் அவ்விடத்தில் நின்ற ஒலிவியே ஜிருவும் அவ்வாறே. கோல் போடுவதற்கென நிறுத்தப்பட்ட வீரர் கோல் போடாமலேயே இருமுறை உலகக் கிண்ணம் கைக்கு வந்திருக்கிறது! எதிரணிக் காவலரைத் தம்பால் இழுத்துப் பிறருக்கு வெளியை உண்டாக்கிய உழைப்பு கணக்கேட்டில் ஏறுவதில்லை. அணித் தலைவராக இருந்த டிடியே டெஷாமை "தண்ணீர் சுமப்பவர்" என எள்ளினார் எரிக் கன்டோனா. அத்தண்ணீர் சுமந்தவரே 1998இல் தலைவராகக் கிண்ணத்தை உயர்த்தினார். 2018இல் பயிற்றுநராக மீண்டும் அதனைப் பெற்றார். ஆட்டத்தை உண்மையாக அறிந்தவர் கோல்களை மட்டும் எண்ணுவதில்லை.

ஆனால் ஒரு நாடு தன் குடிகளை எண்ணும்போது, பெரும்பாலும் கோல்களையே எண்ணுகிறது.

1996ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியின்போது, தேசிய முன்னணியின் அன்றைய தலைவர் ஜான் மரி லு பென், வெளியிலிருந்து வீரர்களைக் கொணர்ந்து பிரான்ஸ் அணி எனப் பெயர் சூட்டுவது செயற்கையானது என்றும், அவர்கள் நாட்டுப்பண்ணைப் பாடுவதில்லை என்றும் குறை கூறினார். 1998இல் கிண்ணத்தை வென்ற 22 பேரில் பிரெஞ்சு ஆட்சிப் பரப்புக்கு வெளியே பிறந்தவர்கள் இருவரே: கானாவிற் பிறந்த டெசாயி, செனகலிற் பிறந்த வியெரா. சிடான் மார்செய் நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் அல்ஜீரியப் பெற்றோருக்குப் பிறந்து வளர்ந்தவர். துராம் பிறந்த குவாதலூப் தீவு பிரான்சின் ஒரு மாவட்டம். எனினும் அவர்கள் எல்லோரும் "வெளியிலிருந்து வந்தவர்கள்" என்றே எண்ணப்பட்டனர்.

நாட்டுப்பண்ணைப் பாடாதவர் என்று சுட்டப்பட்டோருள் ஒருவர் கிறிஸ்ரியான் கரம்பு. பசிபிக் கடலிலுள்ள நியூ கலிடோனியாவிற் பிறந்த கனாக் இனத்தவர் அவர். 1931இல் பாரிசிற் குடியேற்றவாதக் கண்காட்சி நடைபெற்றபோது, கனாக் மக்கள் பலர் கடல் கடந்து கொண்டுவரப்பட்டு, ஒரு பூங்காவில் காட்சிப் பொருள்களாக நிறுத்தப்பட்டனர். அவர்களுள் கரம்புவின் குடும்பத்து முன்னோரும் அடங்குவர். அம்மனிதர் இறுதியாட்டத்தில் பிரான்சின் சீருடை அணிந்து ஓடினார், உழைத்தார், வென்றார். வாய் மூடியிருந்ததற்கான காரணத்தைக் கேட்காதவர்கள், அவர் கால்கள் செய்த பணியையும் காண மறுத்தனர்.

வெற்றி வந்ததும் யாவும் மாறின. அன்றிரவு சாம்ஸ் எலிசே வீதி மக்கள் வெள்ளத்தால் நிறைந்தது. வெற்றி வளைவின் மீது ஒளியால் வரையப்பட்ட முகம் ஓர் அல்ஜீரியக் குடியேறியின் மகனுடையது. கறுப்பரும் வெள்ளையரும் அராபியரும் ஒன்றான புதிய பிரான்ஸ் பிறந்துவிட்டதாக ஏடுகள் எழுதின. எம்மவர் பலரும் அவ்வாறே நம்பினர். அந்நம்பிக்கையிற் பொய் இல்லை. ஆயுள்தான் குறைவாக இருந்தது. 2001 ஒக்டோபர் 6ஆம் நாள் அதே அரங்கில் பிரான்சும் அல்ஜீரியாவும் ஆடியபோது, பிரெஞ்சு நாட்டுப்பண் சீழ்க்கை ஒலியால் மறைக்கப்பட்டது. 4-1 என்ற நிலையில் இளைஞர்கள் களத்திற்குட் புகுந்ததால் ஆட்டம் பாதியில் நிறுத்தப்பட்டது. 2002 ஏப்ரல் 21ஆம் நாள் சனாதிபதித் தேர்தலின் இரண்டாஞ் சுற்றுக்குத் தெரிவானார் அதே லு பென். சில வாரங்களின் பின் உலகக் கிண்ணப் போட்டிக்குச் சென்ற பிரான்ஸ் அணி, ஒரு கோலேனும் போடாது முதற் சுற்றிலேயே வெளியேறியது.

2022 டிசம்பர் 18ஆம் நாள் நடைபெற்ற இறுதியாட்டத்தில் ஆர்ஜென்ரீனாவிடம் தண்ட உதைகளிற் பிரான்ஸ் தோற்றபோது, உதையைத் தவறவிட்ட கிங்ஸ்லி கோமன், ஒரேலியன் சுவாமெனி ஆகிய இருவர் மீதும் நிறவெறி வசைகள் சமூக வலைத்தளங்களிற் கொட்டப்பட்டன. இருவரும் இந்நாட்டிற் பிறந்தவர்கள். ஓர் உதை உள்ளே சென்றால் மைந்தன். வெளியே சென்றால் அந்நியன். கோலுக்காகத் தரப்பட்ட அன்பு, கோல் தவறியதும் மீளப் பெறப்படுகிறது.

களத்திற்கு வெளியேயும் இதே கணக்குத்தான். 2018 மே மாதம், பாரிசில் நான்காம் மாடிப் பலகணியிற் தொங்கிய குழந்தையைக் காப்பாற்ற, மாலி நாட்டு இளைஞர் ஒருவர் வெறுங்கையுடன் சுவரேறினார். வதிவிட அனுமதி அற்றவர் அவர். சனாதிபதி அவரை அழைத்துப் பாராட்டினார். அவ்வாண்டே குடியுரிமையும் கிடைத்தது. அது அவருக்குத் தகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் ஏறிய அதே நகரின் உணவகங்களில், கட்டட வேலைத்தளங்களில், விடியுமுன் துடைக்கப்படும் அலுவலகங்களில், சுவரேற வாய்ப்புக் கிடைக்காத எத்தனையோ பேர் அனுமதியின்றி உழைக்கின்றனர். 1951ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தம் அகதி யார் என வரையறுக்கும்போது, துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தையே கேட்கிறது. அவர் எத்தனை கோல் போட்டார் என்று கேட்கவில்லை. புகலிடம் பரிசன்று, உரிமை.

இதனை இந்நாட்டவர்க்கு மட்டும் எடுத்துரைத்து நாம் ஒதுங்கிவிட இயலாது. எமது சமூகத்திலும் இக்கணக்கே நடைபெறுகிறது. மருத்துவராகவும் பொறியியலாளராகவும் வந்த பிள்ளைகளின் படங்களை ஏடுகளில் வெளியிட்டு மகிழ்கிறோம். அப்பிள்ளை படிப்பதற்காகப் பதினாறு மணிநேரம் சமையலறையில் நின்ற தந்தையின் படம் அவர் இறந்த பின்னரே, அதுவும் மரண அறிவித்தலிலேயே வெளிவருகிறது. பரீட்சையிற் தவறிய பிள்ளையை விருந்தினர் முன் அழைக்கத் தயங்குகிறோம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவரை விழாவுக்கு அழைத்தாலும் மூலையிலேயே அமர்த்துகிறோம். "வென்ற பிள்ளையே எம் பிள்ளை" என்ற மனநிலையோடு வீட்டில் வாழும் நாம், நாட்டை நோக்கி வேறு நீதி கேட்பது எவ்வாறு?

அவ்வாறாயின் வெற்றியைக் கொண்டாடுவது தவறா எனச் சிலர் வினவலாம். தவறன்று. எமது பிள்ளைகள் "நாங்கள் வென்றோம்" என்று சொல்வதில் எனக்கு மகிழ்ச்சியே. இங்கு வரி செலுத்தி, வாடகை கட்டி, இரவுப் பணி செய்து வாழும் தந்தையரும் அச்சொல்லுக்கு உரியவர்களே. ஆனால் அச்சொல்லை வெற்றி நாளில் மட்டும் எடுத்தணியும் சீருடையாக வைத்திருக்கலாகாது. அணி தோற்ற மறுநாளும், தண்ட உதையைத் தவறவிட்ட இளைஞன் மீது வசை பாயும்போதும், "நாங்கள்" என்று சொல்லும் துணிவு எமக்கு வேண்டும். எம்மிடையே தோற்றவரைக் குறித்தும் அச்சொல்லையே வழங்குதல் வேண்டும்.

அன்று விழாவில் உணவு பரிமாறப்பட்டது. மூலையிலிருந்த நண்பர், இரவுப் பணிக்கு நேரமாகிவிட்டதென விரைவாக உண்டு எழுந்தார். அவரை வாசல்வரை சென்று வழியனுப்பியவன், 2018இன் பக்கம் நின்று உரக்க வாதாடிய சிறுவன் ஒருவன். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவன் திரும்பி வந்து தந்தையிடம், "துராம் ரெண்டு கோல்தான் போட்டவரோ, அப்பா?" என்று கேட்டான். ஆம், இரண்டுதான். மற்ற 141 ஆட்டங்களையும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பொறுப்பு எங்களுடையது.