பட்டினியைப் படம் பிடிக்கிறவர்கள்

துருவக் கரடியைத் தேடிப் போய்ப் படம் பிடிப்பது ஜீவகாருண்யம் என்று சொல்லுகிற ஒரு கட்சி உலகத்தில் இருக்கிறது. அந்தக் கட்சியோடு எனக்குச் சண்டை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். படித்தவர்கள், பணம் உள்ளவர்கள், பிராணிகளிடம் பிரியம் கொண்டவர்கள். கெட்டவர்களைக் கவனித்துக்கொள்ளப் போலீஸ்காரர் இருக்கிறார்; நல்லவர்களோடு சண்டை போட எழுத்தாளனை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

கனடா தேசத்தில், ஹட்ஸன் விரிகுடாவின் மேற்குக் கரையில், சர்ச்சில் என்று ஓர் ஊர். 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஜனத்தொகை 870. வெளியூரிலிருந்து சாலை கிடையாது. ரயிலில் வர வேண்டும், அல்லது விமானத்தில் வந்து இறங்க வேண்டும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் இந்தச் சிற்றூருக்குப் பல தேசங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் காமிராவும் கையுமாக வந்து சேருகிறார்கள். ராட்சசச் சக்கரங்கள் பூட்டிய, பஸ் மாதிரியான வண்டிகளில் ஏறி, மரமற்ற தூந்திர வெளிக்குப் போகிறார்கள். வண்டிக்குள்ளே கதகதப்பு உண்டு, சாப்பாடு உண்டு. வெளியே கரடி நிற்கிறது.

கரடி எதற்காக அங்கே நிற்கிறது? இந்த ஒரு கேள்வியில்தான் முழு வழக்கும் இருக்கிறது.

துருவக் கரடி கடற்பனியின் மேல் காத்திருந்து சீல் பிடித்துத் தின்னும் பிராணி. கோடையில் விரிகுடாவின் பனி உருகியதும் கரையேறிவிடுகிறது. கரையில் கிடைக்கிற பழமும் பறவை முட்டையும் அந்த உடம்புக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆகவே சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்துக்கொண்டு, நாளைக்குச் சுமார் ஒரு கிலோ எடையை இழந்துகொண்டு, கடல் மறுபடி உறையும்வரை மாதக்கணக்கில் காத்துக் கிடக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு அவர்கள் பார்ப்பது வேடிக்கை அல்ல. ஒரு பட்டினியின் கடைசி வாரங்கள்.

அந்தப் பட்டினியும் நீண்டுகொண்டே வருகிறது. 1980-களில் இருந்ததைவிட இப்போது ஏறத்தாழ மூன்று வாரம் கூடுதலாகக் கரடிகள் கரையில் கிடக்கின்றன. மேற்கு ஹட்ஸன் விரிகுடாவில் அந்தக் காலத்தில் சுமார் 1,200 கரடிகள் இருந்தன. 2016-இல் 842. 2021-இல் 618. சில கரடிகள் பக்கத்துப் பகுதிக்குப் போயிருக்கலாம் என்று கணக்கெடுத்தவர்களே சொன்னார்கள். ஆனால் நாற்பது வருஷச் சரிவுக்கு அடிப்படை, பனிக்காலம் குறுகிக் கரடிக்கு இரை போதாமல் போனதுதான் என்று 2025 ஜனவரியில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறது.

“பார்த்தால்தான் பாசம் வரும், பாசம் வந்தால்தான் காப்பாற்றத் தோன்றும்” என்பது எதிர்க்கட்சியின் வாதம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாசம் எதில் ஏறி வருகிறது? விமானத்தில் வருகிறது. சர்ச்சிலின் கரடிப் பருவம் ஒன்றுக்கு, பிரயாணத்தையும் சேர்த்து, 20,000 டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது என்று 2010-இல் வெளியான ஆய்வு சொல்லிற்று. அந்தப் புகை ஒன்றினால் மட்டும் விரிகுடா உருகிவிடாது. அவ்வளவு அபாண்டம் நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் முழுக்கச் சேர்ந்து பற்றவைத்த தீயில், “ஐயோ, வீடு எரிகிறதே!” என்று அழுதுகொண்டே ஒரு சுள்ளியைப் போட்டுவிட்டு வருகிறவனை என்னவென்று சொல்லுவது? “அழிந்து போவதற்குள் ஒரு தரம் பார்த்துவிடலாம்” என்று கிளம்புகிறார்களே, அதில் பாசம் எவ்வளவு, பசி எவ்வளவு? சாவு வீட்டுக்கு முன்கூட்டியே போய் நல்ல இடம் பிடிக்கிற பசி அது.

கரடி தலை நிமிர்ந்து பார்க்கும் படத்தைக் கொண்டாடுகிறார்கள். வண்டிகள் அருகில் இருக்கும்போது, படுத்திருக்கும் ஆண் கரடிகள் அடிக்கடி தலை தூக்கிப் பார்க்கின்றன என்று 2004-இல் வெளியான ஓர் ஆய்வு சர்ச்சிலிலேயே கண்டு எழுதியது. பட்டினி கிடப்பவனுக்குப் படுக்கைதான் சேமிப்பு. அதை நாம் கலைக்கிறோம். கலைந்த அந்தக் கணத்துக்கு ‘ஆர்வம்’ என்று பெயர் வைத்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறோம். பின்னங்காலில் எழுந்து வண்டியின் மேல் கை வைத்து நிற்கும் கரடி சிநேகம் பாராட்ட வந்ததாகவா நினைக்கிறீர்கள்? மோப்பம் பிடித்தே வாழும் பிராணி, மாதக்கணக்கில் சாப்பிடாத பிராணி, நம் சாப்பாட்டு வாசனைக்கு வந்து நிற்கிறது.

நான் கதை எழுதுகிறவன். எதைச் சொல்வது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் தொழில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் கதை தன்னைக் கதை என்று சொல்லிக்கொண்டு வருகிறது. புகைப்படமோ சத்தியம் என்று சொல்லிக்கொண்டு வருகிறது. 2017 ஆகஸ்டில் கனடாவின் ஸாமர்செட் தீவில், எலும்பும் தோலுமான ஒரு கரடியைப் பால் நிக்லென், கிறிஸ்டினா மிட்டர்மயர் குழுவினர் படம் பிடித்தார்கள். பருவநிலை மாற்றத்தின் முகம் இதுதான் என்ற வாசகத்தோடு ‘நேஷனல் ஜியாக்ரபிக்’ அதை வெளியிட்டது. உலகமே கண்ணீர் விட்டது. மறு வருஷம் அதே பத்திரிகை, வாசகம் எல்லை மீறிவிட்டது என்று ஒப்புக்கொண்டது. அந்த ஒரு கரடி எதனால் மெலிந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. பனி உருகுவது மெய்; அந்தப் படம் அதற்குச் சாட்சி அல்ல. மெய்யான வழக்குக்குப் பொய்ச் சாட்சி போடுவதைப்போல அந்த வழக்கைக் கெடுக்கிற காரியம் வேறில்லை.

இன்னும் எத்தனையோ படத்துக்கு வெளியே நிற்கின்றன. சர்ச்சிலில் கரடிகளுக்கென்றே ஒரு சிறை உண்டு. ஊருக்குள் நுழைந்த கரடியை அங்கே அடைப்பார்கள். தண்ணீர் உண்டு, தீனி கிடையாது. பிறகு தொலைவில் கொண்டுபோய் விடுவார்கள். அதே கரையில் வடக்கே ஆர்வியாட் என்ற இனூயிட் ஊர். 2018 ஜூலையில் அவ்வூர்க்காரர் ஒருவர் தம் குழந்தைகளுக்கும் கரடிக்கும் நடுவே நின்று உயிரை விட்டார். கரடியோடு கூடவே வாழ்கிறவர்களின் அச்சம் எந்த அழகிய படத்திலும் விழுவதில்லை. மனிதரே இல்லாத வெள்ளை வெளியாக அதைக் காட்டினால்தானே விலை போகும்!

சர்ச்சில் ஜனங்கள்மேல் எனக்குப் புகார் இல்லை. 2016-இல் அவர்களுடைய துறைமுகம் மூடப்பட்டது. 2017-இல் வெள்ளம் ரயில் பாதையை அரித்துவிட, ஒன்றரை வருஷம் ரயில் வரவில்லை. கரடி பார்க்க வருகிறவர்கள்தான் அவர்களுக்குச் சோறு. தடத்தை விட்டு வண்டி விலகக் கூடாது, கரடிக்குத் தீனி போடக் கூடாது என்றெல்லாம் விதிகளும் வைத்திருக்கிறார்கள். என் சண்டை விருந்தாளிகளோடு.

நான் கேட்பது பெரிதல்ல, தூரம். நார்வேக்காரர்கள் ஸ்வால்பார்டில் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். 2025 ஜனவரி முதல் துருவக் கரடிக்கு 300 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். படம் நன்றாக வராது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. வராமல் போகட்டுமே! தூந்திரத்தைப் பார்த்தே தீர வேண்டுமென்றால், சர்ச்சில் வெளியிலிருந்து காமிராக்கள் அந்தப் பருவத்தில் நேரடியாக ஒளிபரப்புகின்றன. வீட்டில் உட்கார்ந்து, கரடி ஒன்றுமே செய்யாமல் படுத்திருப்பதை அரை மணி நேரம் பாருங்கள். அதுதான் அதன் மெய்யான வாழ்க்கை. சலிப்பாக இருந்தால், உங்களுக்கு வேண்டியது கரடி அல்ல என்பதாவது விளங்கும்.

இனி யாராவது துருவக் கரடிப் படம் ஒன்றைப் பெருமையோடு நீட்டினால், “எவ்வளவு அழகு!” என்று உடனே சொல்லிவிடாதீர்கள். “எத்தனை மீட்டரிலிருந்து எடுத்தீர்கள்? அது சாப்பிட்டு எத்தனை மாதமாகியிருந்தது?” என்று கேளுங்கள். பதில் தெரிந்தவர் கையிலிருந்து மட்டும் அந்தப் படத்தை வாங்கிப் பாருங்கள்.