தூரத்தைப் பார்க்கிறோம், மொத்தச் செலவைப் பார்க்கிறோமா?

உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்ததும் நமது வீடுகளில் எழும் முதற் கேள்வி, "பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பலாமா?" என்பதே. கிழக்கில், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தால் நிம்மதி. பேராதனையோ ருஹுணுவோ என்றால் தயக்கம். முடிவில் பக்கத்திலுள்ள தனியார் நிறுவனம்.

கணக்கு இங்கேதான் பிழைக்கிறது. அரச பல்கலைக்கழகத்தில் முதற் பட்டத்துக்குக் கற்கைக் கட்டணமில்லை. தங்குமிடம், சாப்பாடு, பயணம்தான் செலவு. தகுதியுள்ளோருக்கு மஹபொல உதவியும் உண்டு. தனியார் பட்டத்துக்கோ பல இலட்சங்கள். அதற்காகக் காணியும் நகையும் ஈடு வைக்கப்படுகின்றன.

அரச பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதோருக்கும் வழியுண்டு. சம்மாந்துறை உட்படப் பல ஊர்களிலுள்ள உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்களில் முழுநேர டிப்ளோமா இலவசம். திறந்த பல்கலைக்கழகத்தில் கட்டணம் இருந்தாலும், தொழில் செய்துகொண்டே படிக்கலாம். தனியார் பட்டம்தான் முடிவென்றால், முற்பணம் கட்டுமுன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரத்தை உறுதிசெய்யுங்கள்.

தூரம் பற்றிய பெற்றோரின் அச்சம் நியாயமானது. பாதுகாப்பான தங்குமிடமே அதற்கு மருந்து. பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஸகாத் நிதியங்களும் ஊருக்குச் சில மாணவியரின் தங்குமிடச் செலவையாவது பொறுப்பேற்கட்டும். பிள்ளை உழைத்துப் பெற்ற இஸட் புள்ளி தூரத்தின் பெயரால் வீணாகக்கூடாது.