பதினோராவது மூவுக்கு என்ன செய்வாய்?

சதுரங்கம் கற்கத் தொடங்கும் குழந்தைகளை முதல் ஓராண்டாவது ஓப்பனிங் மனப்பாடம் செய்ய வைக்கக் கூடாது என்பது என் கட்சி. இதைப் படித்தால் எங்கள் குடியிருப்பில் இரண்டு மூன்று அப்பாக்கள் என்னோடு பேச மாட்டார்கள். பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு ஞாயிறு மாலைகளில் ஆறேழு பிள்ளைகளோடு பலகை போட்டு உட்காருகிறேன். நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. அலுவலகத்தில் மதிய உணவு இடைவேளையில் இருபது வருடம் ஆடியவன், அவ்வளவுதான். ஆனாலும் ஒன்றைத் தொடர்ந்து பார்க்கிறேன். எட்டு வயதுப் பையன் சிசிலியன் டிஃபென்ஸில் பத்து மூவை மூச்சு விடாமல் வைக்கிறான். ஏழாவது மூவில் அந்தச் சிப்பாயை ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்டால், "அப்படித்தான் தாத்தா வைக்கணும், சார் சொல்லிக்கொடுத்தார்" என்கிறான். எதிரில் இருக்கும் பெண் நாலாவது மூவிலேயே புத்தகத்தில் இல்லாத எதையாவது வைத்துவிட்டால் போச்சு, முகம் வாடிவிடுகிறது. தப்பான மூவ் வைத்தது அவள், தோற்பது இவன்! வீட்டில் "இன்னும் நல்லா மனப்பாடம் பண்ணு" என்கிறார்கள். நாலைந்து மாதத்தில் பையன் பலகைப் பக்கமே வருவதில்லை. இப்படி மூன்று பிள்ளைகள் விலகிப் போனதைப் பார்த்துவிட்டேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மனப்பாடத்துக்குப் பதில் எதைச் சொல்லித்தருவது? நான் எப்போதும் எடுப்பது 1858-இல் பாரிஸில் நடந்த ஓர் ஆட்டத்தை. ஆப்பரா அரங்கில் உட்கார்ந்து ஆடியது. வெள்ளைக் காய்களுக்கு அமெரிக்காவின் பால் மார்ஃபி, வயது 21. கருப்புக்கு பிரன்ஸ்விக் கோமகனும் இஸுவார் பிரபுவும், கலந்து பேசிக்கொண்டு. 17 மூவில் மார்ஃபி மேட் வைத்துவிட்டார்.

இரு தரப்பும் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார்கள். வெள்ளை, குதிரையால் கருப்புச் சிப்பாயைக் குறிவைக்கிறது. கருப்பு இன்னொரு சிப்பாயை அதற்குத் துணையாக வைக்கிறது. வெள்ளை நடுவில் டி4-க்கு இரண்டாவது சிப்பாயைத் தள்ளுகிறது. இதுவரை குறையில்லை. மூன்றாவது மூவில் கருப்பு தன் மந்திரியை ஜி4-க்கு அனுப்பி, வெள்ளைக் குதிரையை ராணியோடு சேர்த்துக் கட்டிப்போடுகிறது. பார்க்க அழகான மூவ். ஆனால் வெள்ளை உடனே நடுச் சிப்பாயை வெட்டுகிறது. கருப்பு நேராகத் திருப்பி வெட்டினால் ராணிகள் இரண்டும் மாறிவிடும். கட்டு அவிழ்ந்த குதிரை இன்னொரு சிப்பாயைச் சும்மா எடுத்துக்கொள்ளும். ஆகவே வேறு வழியில்லாமல் மந்திரியைக் கொடுத்துக் குதிரையை வாங்க வேண்டியதாகிறது. இரண்டு மூவ் செலவழித்த மந்திரி பலகையை விட்டே போய்விட்டது. அதை வெட்டிய சாக்கில் வெள்ளை ராணி வெளியே வந்து நிற்கிறாள்.

ஏழாவது மூவில் ராணி பி3-க்குப் போய், எஃப்7, பி7 ஆகிய இரண்டு சிப்பாய்களையும் ஒரே நேரத்தில் மிரட்டுகிறாள். கருப்பு தன் ராணியை இ7-இல் வைத்து எஃப்7-ஐக் காக்கிறது. அங்கேதான் கதை முடிகிறது என்பேன். வீட்டு வாசலில் கட்டிலைப் போட்டு அடைத்த மாதிரி, ராணி தன் மந்திரியின் வழியிலேயே நிற்கிறாள். மந்திரி வெளியே வர முடியாது. அதனால் அந்தப் பக்கம் ராஜா கோட்டை கட்ட முடியாது. அதனால் மூலை யானைக்கும் வேலையில்லை. மார்ஃபி பி7 சிப்பாயை எடுத்திருக்கலாம். எடுத்தால் கருப்பு ராணி பி4-இல் வந்து செக் சொல்லி ராணிகளை மாற்றிக்கொண்டு தப்பிக்கும். அவர் அதை விட்டுவிட்டு இன்னொரு குதிரையை வெளியே கொண்டுவந்தார். பிறகு மந்திரி, பிறகு கோட்டை. கடைசியில் ராணியையே பலி கொடுத்து, மிச்சமிருந்த ஒரு யானையையும் ஒரு மந்திரியையும் கொண்டு மேட். கருப்பின் ராஜா பக்கத்து மந்திரியும் யானையும் ஆட்டம் முடியும் வரை ஒரு தடவைகூட நகரவில்லை. இதைச் சொன்னதும் பிள்ளைகள் பலகையை மறுபடி பார்ப்பார்கள். நடுவைப் பிடி, காய்களை வெளியே கொண்டுவா, ராஜாவைப் பத்திரப்படுத்து என்பது அப்போதுதான் அவர்களுக்கு ஒட்டுகிறது.

இந்த மூன்று விதி தெரிந்தால் போதுமா? போதாது. அதற்கும் ஓர் ஆட்டம் இருக்கிறது. ஆடியவர் நம் ஆனந்த். 1988, சுவிட்சர்லாந்தின் பீல் நகரம். அந்த ஆண்டு இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன அதே ஆனந்த், கொலம்பியாவின் அலோன்ஸோ ஸபாட்டாவிடம் ஆறே மூவில் தோற்றார்! பெட்ராஃப் டிஃபென்ஸ். கருப்புக் குதிரை இ4-இல் நிற்கிறது. வெள்ளைக் குதிரை அதைத் தாக்குகிறது. ஐந்தாவது மூவில் ஆனந்த் மந்திரியை எஃப்5-இல் வைத்துக் குதிரைக்குத் துணை கொடுத்தார். வெள்ளை ராணி ஒரே ஒரு கட்டம் நகர்ந்து இ2-இல் நின்றாள். குதிரைக்கும் பின்னால் இருக்கும் ராஜாவுக்கும் நடுவே எதுவும் இல்லை. குதிரை நகரவே முடியாது. அடுத்து டி3-க்கு ஒரு சிப்பாய் வந்தால் குதிரை போயிற்று. ராணியை இ7-இல் குறுக்கே வைத்தால், வெள்ளைக் குதிரை டி5-இல் குதித்து அவளையே விரட்டும். ஆனந்த் அங்கேயே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

அந்த ஐந்தாவது மூவ் விதி எதையும் மீறவில்லை. காயை வெளியே கொண்டுவந்தது, குதிரையையும் காத்தது. இன்னும் வேடிக்கை, அதற்கு முந்தைய ஆண்டு மைல்ஸும் கிறிஸ்டியன்சனும் ஆடிய ஆட்டத்தில் இதே மூவ் வந்திருந்தது. அங்கே வெள்ளை ராணியை நகர்த்தவில்லை, ஆட்டம் சமநிலையில் முடிந்தது. இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள் ஆடி, அச்சிலும் வந்த மூவ் என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்? பின்னாளில் ஐந்து முறை உலக சாம்பியன் ஆன மூளைக்கே இது நடந்தது என்றால், எட்டு வயதுக் குழந்தை மனப்பாடத்தை மட்டும் நம்பி என்ன செய்யும்?

"இன்றைக்கு எல்லாம் கம்ப்யூட்டர் தயாரிப்புதான் சார், குகேஷைப் பாருங்கள்" என்பார்கள். பார்ப்போமே. 2024-இல் 18 வயதில் உலக சாம்பியன் ஆன குகேஷை, கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை கணினி இன்ஜின் பக்கம் விடவில்லை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. முதலில் சொந்தமாகக் கணக்குப் போடப் பழகு, மற்றதெல்லாம் பிறகு என்பதுதான் அதன் பொருள். உச்சத்தில் ஆடுபவர்களுக்கு ஓப்பனிங் தயாரிப்பு கட்டாயம் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. அஸ்திவாரம் போடும் முன்பே மாடிக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

நான் செய்வது சின்ன வேலை. ஆட்டத்தை எழுதும் தாளில் முதல் பத்து மூவுக்குப் பக்கத்தில் ஏன் என்று ஒரு வார்த்தை எழுதச் சொல்கிறேன். வைப்பதற்கு முன் மூன்று கேள்வி: அவன் எதைக் குறிவைக்கிறான்? என் காய்களில் எது இன்னும் வீட்டிலேயே கிடக்கிறது? நான் வைத்தபின் எனக்குப் பிடிக்காத பதில் எது? ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி போன மாதம் ஆறாவது மூவுக்குப் பக்கத்தில் "சும்மா" என்று எழுதியிருந்தாள். ஆட்டம் தோற்றது அந்தச் 'சும்மா'வில்தான் என்று அவளே கண்டுபிடித்தாள். அடுத்த வாரமும் வந்தாள்.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். போட்டி முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம் "ஜெயிச்சியா?" என்று கேட்பதற்கு முன், "எந்த மூவிலிருந்து கஷ்டமாச்சு?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த குழந்தை அடுத்த ஆட்டத்துக்குத் தானே தயாராகிவிடும்.