நெற்றிக்கு இடுமுன்

சென்ற மாதம் வைகை அணையிலிருந்து ஓர் அம்மையார் இப்பகுதிக்கு மடல் எழுதியிருந்தார். வயது அறுபத்தெட்டு. திருமணமான நாள் முதல் குங்குமம் இட்டு வருபவர். இரண்டாண்டுகளாகப் புருவங்களின் நடுவே தோல் கறுத்துக்கொண்டே வருகிறதாம். அரிப்பும் இல்லை, எரிச்சலும் இல்லை. குங்குமத்தை நிறுத்தச் சொல்கிறார் மருமகள். 'மஞ்சளில் செய்த மங்கலப் பொருள் எவ்வாறு கெடுதல் செய்யும்? கணவர் நலமாக இருக்கையில் நெற்றியை வெறுமையாக வைத்திருக்க மனம் ஒப்பவில்லை' என்று முடித்திருந்தார்.

வீரபாண்டியில் கௌமாரியம்மனைத் தரிசித்துத் திரும்பும் வழியில் அவர் இல்லத்துக்குச் சென்றேன். பூசை மாடத்திலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து காட்டினார். மேலே அம்பிகையின் படம்; கீழே 'இயற்கை மஞ்சள் குங்குமம்' என்னும் எழுத்து. செய்தவர் முகவரியோ, சேர்ந்த பொருள்களின் பட்டியலோ, செய்த நாளோ எதுவும் இல்லை. அம்பிகையின் படத்தை அச்சிட மட்டும் எவரும் மறப்பதில்லை!

மஞ்சள் எவ்வாறு சிவக்கிறது என்பதை ஆரத்தித் தட்டில் நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்ததும் அது செந்நிறம் கொள்கிறது. காரத்தைச் சந்தித்தால் சிவப்பது மஞ்சளிலுள்ள நிறப்பொருளின் இயல்பு. முன்னாளில் இல்லங்களில் குங்குமம் செய்ததும் இந்த இயல்பைக் கொண்டே. மஞ்சள் கிழங்கை உடைத்து, எலுமிச்சைச் சாறும் படிகாரமும் வெண்காரமும் கூட்டி ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்தார்கள். அந்த நிறம் ஆழ்ந்த சிவப்பு. கண்ணைப் பறிக்கும் சிவப்பன்று. இன்று மலிவு விலையில் விற்கும் பொடிகள் பலவற்றில் வேறொரு வெள்ளைப் பொடியே அடிப்பொருள். நிறம் தருவது செயற்கைச் சாயம்.

அம்மையாரின் நெற்றியில் தோன்றிய கருமையும் மருத்துவ உலகுக்குப் புதியதன்று. 1980களிலேயே சிங்கப்பூர், ஜப்பான் நாடுகளின் தோல் மருத்துவர்கள் குங்குமம் இட்ட இடத்தில் இவ்வாறு கருமை படர்வதை ஆராய்ந்து, அதில் கலந்திருந்த சில சாயங்களைக் காரணமாகச் சுட்டினார்கள். இத்தகைய ஒவ்வாமை பல சமயம் அரிப்பின்றி மெல்ல மெல்லக் கருமையாகவே வெளிப்படும். அதனால்தான் ஆண்டுக்கணக்கில் எவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. வயதின் அடையாளம் என்று எண்ணிவிடுகிறோம்.

சாயமே இல்லாத குங்குமமானால் கவலையில்லையா? அவ்வாறும் சொல்வதற்கில்லை. மஞ்சளே ஒவ்வாத தோலும் உண்டு. அரிதாயினும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. வெண்காரத்தின் காரம் முதுமையில் மெலிந்த தோலை உறுத்தக்கூடும். சேங்கொட்டையும் மரத்தில் காய்ப்பதே. அதன் பால் பட்ட இடம் கொப்பளிப்பதை நம் கிராமத்துப் பெரியவர்கள் அறிவார்கள். ஈயமும் பாதரசமும் மண்ணிலிருந்தே வருகின்றன. ஆகவே 'இயற்கை' என்னும் அச்செழுத்தைக் கொண்டு மட்டும் ஒரு பொருளை நம்ப இயலாது.

ஈயத்தைச் சொன்னதும் அம்மையாரின் முகம் மாறியது. அவர் மடியில் இரண்டு வயதுப் பேத்தி இருந்தாள். அக்குழந்தையின் நெற்றியிலும் அதே குங்குமம். 2017ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அந்நாட்டிலும் இந்தியாவிலும் வாங்கிய 118 சிந்தூரப் பொடிகளைச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் ஈயம் இருந்தது. சிலவற்றில் அளவு மிக அதிகம். எல்லாக் குங்குமமும் அத்தகையதே என்பது இதன் பொருளன்று. ஆனால் நிறத்தையோ மணத்தையோ கொண்டு ஈயத்தைக் கண்டறிய இயலாது, ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும்.

நெற்றித் தோல் வழியே உடலுக்குள் செல்லும் ஈயம் சிறிதே. வாய் வழியே செல்வதுதான் பெருந்தீங்கு. பூசைக்குரிய பொடிகளாலும் மசாலாப் பொருள்களாலும் ஈயம் ஏறிய நான்கு குழந்தைகளைப் பற்றி 2010ஆம் ஆண்டு பாஸ்டன் நகர மருத்துவர்கள் எழுதினார்கள். வளரும் மூளையை ஈயம் பாதிக்கும். அதற்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை. நாமோ குங்குமத்தையும் சர்க்கரைப் பொங்கலையும் ஒரே கையில் வாங்குகிறோம். குழந்தைக்குப் பொட்டிட்ட விரலாலேயே ஊட்டியும் விடுகிறோம். திருநீற்றை ஒரு சிட்டிகை நாவிலும் இடுகிறோம். பசுஞ்சாணம் எரித்த நீறுதானா என்பது கடைப் பொட்டலத்தில் எங்கே தெரிகிறது? கை கழுவிய பின்னரே உண்ணலாம், ஊட்டலாம். பொடியை நாவில் இடுவதைத் தவிர்க்கலாம். இதனால் பக்தி குறைந்துவிடாது.

அழகுப் பொருள்களுக்கு நிறமூட்ட ஈயச் சேர்மங்களைப் பயன்படுத்துவதை நம் நாட்டுச் சட்டம் தடுக்கிறது. குங்குமப் பொடிக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தர வரையறையும் உண்டு. எனவே செய்தவர் பெயரும் முகவரியும், உரிம எண்ணும் தொகுதி எண்ணும் உள்ள பொட்டலத்தைக் கேட்டு வாங்குவது நம் உரிமை.

"அப்படியானால் ஒட்டும் பொட்டு வைத்துக்கொள்ளட்டுமா?" என்றார் அம்மையார். அதன் பசையிலுள்ள வேதிப்பொருளால் சிலருக்கு நெற்றியில் வெண்புள்ளி தோன்றியதை இந்திய மருத்துவர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள் என்றேன். அவர் கணவர் சிரித்துவிட்டார். "கறுப்புக்குப் பயந்து வெள்ளையை வாங்குவதா? ஒன்றும் வைக்காவிட்டால்தான் என்ன? நான் எங்கே போய்விடப் போகிறேன்?" அம்மையார் சிரிக்கவில்லை.

அவருடைய தாயார் கொடுத்த சந்தனக் கல் வீட்டில் இருந்தது. கல்லில் அரைத்த சந்தனத்தையும் நேரே நெற்றியில் இட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். முழங்கையின் உட்புறத்தில் காலையும் மாலையுமாக ஏழு நாள் பூசிப் பார்க்கட்டும். சிவப்போ தடிப்போ அரிப்போ வந்தால் நிறுத்திவிடட்டும். இந்தச் சோதனை ஒவ்வாமையைக் காட்டுமேயன்றி ஈயத்தைக் காட்டாது. கோயிலில் தரும் குங்குமத்தை வணங்கி வாங்கி, பூசை மாடத்துக் கிண்ணத்தில் சேர்க்கலாம். படர்ந்த கருமை, காரணமான பொருளை விட்டாலும் மறையப் பல மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும்.

திங்கட்கிழமை க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று தோல் மருத்துவரைக் காண்பதாகச் சொன்னார். அந்தப் பொட்டலத்தையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள் என்றேன். விடைபெறும்போது, பேத்தியின் நெற்றியை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.