துரோகி யார்?

அமெரிக்கப் பழங்குடிகளின் வரலாற்றைப் படிப்பவர்கள் பலரிடம் ஒரு கணக்கு ஊறிப்போயிருக்கிறது. வெள்ளையரை எதிர்த்து நின்ற ஷானி இன வீரர் டெக்கும்சே மாவீரர். வெள்ளையர் படைக்கு வேவு பார்த்த ஷானி வீரன் இனத்துரோகி. இது அநியாயமான கணக்கு.

ஸ்பெமிகா லாபாவின் வாழ்க்கையைப் பாருங்கள். 1786 அக்டோபரில் கென்டக்கிப் படை ஒகையோவிலிருந்த ஷானி ஊர்களைக் கொளுத்தியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அதை நம்பிய முதிய தலைவர் மொலுந்தாவை, சரணடைந்த பிறகும் ஓர் அதிகாரி கோடரியால் வெட்டிக் கொன்றார். அன்று பிடிபட்ட சிறுவர்களில் ஒருவன் ஸ்பெமிகா லாபா. படைத்தலைவர் பெஞ்சமின் லோகன் அவனைத் தம் வீட்டில் வைத்திருந்தார். பிறகு அவன் தன் மக்களிடமே திரும்பினான். லோகன் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

1812இல் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டபோது அவர் அமெரிக்கப் படைக்கு வேவு பார்த்தார். வேய்ன் கோட்டையிலிருந்த பெண்களையும் குழந்தைகளையும் பத்திரமாகக் கூட்டிச் சென்றார். அப்படியும் நவம்பரில் ஓர் அதிகாரி அவருடைய விசுவாசத்தைச் சந்தேகித்தார். அந்தப் பழியைத் துடைக்க இரண்டு தோழர்களுடன் காட்டுக்குள் போனவர், மரணக் காயத்துடன் திரும்பி, சில நாட்களில் இறந்தார். ராணுவ மரியாதையுடன் அவரைப் புதைத்தார்கள்.

இவரைத் துரோகி என்பவர்கள், ஷானிகள் ஒரே தலைமையின் கீழ் ஒரே முடிவெடுத்த மக்கள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மை வேறு. ஒகையோ ஷானிகளில் பெரும்பாலோர் டெக்கும்சேயின் பின்னால் போகவில்லை. மூத்த தலைவர் பிளாக் ஹூஃபுடன் வாபகோனெட்டாவில் நின்றார்கள். பிளாக் ஹூஃப் கோழையல்லர். பல போர்களைக் கண்டவர். 1795இல் அமெரிக்காவுடனான கிரீன்வில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின், இனியும் போரிட்டால் மிச்சமிருக்கும் மண்ணும் போய்விடும் என்று கணித்தார். உழுது பயிரிட்டு ஊரைக் காக்கலாம் என நம்பினார். டெக்கும்சே காக்க நினைத்ததும் அதே மண்ணைத்தான். வழிதான் வேறு.

ஸ்பெமிகா லாபா வழிகாட்டிய படையின் வெற்றி, கடைசியில் அவருடைய மக்களையே நெருக்கியது; இதை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் குற்றம், வாக்கை நம்பியவர் மீதா, வாக்கை முறித்தவர் மீதா? 1817இல் வாபகோனெட்டா நிலம் ஷானிகளுக்கே என்று ஒப்பந்தம் எழுதிக்கொடுத்த அரசு, 1831இல் அதே நிலத்தை எழுதி வாங்கியது. மறு ஆண்டே அவர்கள் கன்சாஸ் நோக்கி நடந்தார்கள். எதிர்த்த ஷானிக்கும் உதவிய ஷானிக்கும் ஒரே தீர்ப்பு.

இண்டியானாவில் லோகன்ஸ்போர்ட் என்ற நகரம் இன்றும் இருக்கிறது. அவர் பெயரால் அமைந்தது. அவர் பெயருக்கு ஓர் ஊர் கிடைத்தது. அவர் மக்களுக்கு இருந்த ஊரும் பறிபோனது. துரோகி என்ற சொல்லை வீசுவதற்கு முன், இந்த இரண்டையும் செய்த கை யாருடையது என்று பாருங்கள்.